வசந்த் வாயை மூடினால் எனக்குப் பயம்

க்ரைம் நாவலில் ஜோக் எதற்கு என்று அலுவலகத் தோழி ஒருத்தி கேட்டாள். பிணம் கிடக்கிற இடத்தில் யாராவது சிரிக்க வைத்தால் திகில் கெட்டுப்போகாதா என்பது அவள் சந்தேகம். என் அனுபவம் நேர்மாறு. சிரிப்பு இல்லாத திகில் கதையில் நாற்பதாவது பக்கத்துக்குள் எனக்குப் பயம் மரத்துப்போகிறது. எப்போதும் இருட்டு என்றால் கண் பழகிவிடும், அவ்வளவுதான்.

எழுத்தாளர் சுஜாதாவின் துப்பறியும் வக்கீல் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' கதையில் தனியாகத்தான் வந்தான். அவனுடைய ஜூனியர் வக்கீல் வசந்த் பிறகு சேர்ந்தான். அவன் வந்ததும் கதைகளின் ஓட்டமே மாறிவிட்டது என்பேன். கணேஷ் யோசிக்கிறான், வசந்த் பேசிக்கொண்டே இருக்கிறான். 'கொலையுதிர் காலம்' படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே கேள்வி பேயா விஞ்ஞானமா என்பது. கணேஷ் தர்க்கத்தை விடமாட்டான். வசந்தோ பேய்ப் பக்கம் சாயத் தொடங்குவான். எதையும் கேலி பேசுகிற ஆள் குரல் இறங்கிப் பேசும்போதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது. அதுவரை அவன் அடித்த ஜோக்குகள் இல்லாவிட்டால் அந்த மாற்றம் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம் வசந்தின் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக். ஆரம்பிப்பான், முடிக்கமாட்டான். கொலைகாரன் யார் என்று காத்திருப்பதைப் போலவே அதற்கும் வாசகர்கள் காத்திருந்தார்கள். சஸ்பென்ஸ் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. ஆனால் பெண்களைப் பார்த்து வசந்த் விடுகிற சில வசனங்கள் இன்று படிக்கையில் எரிச்சல்தான் தருகின்றன. என் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தபோது அதையும் சொல்லியே கொடுத்தேன்.

அந்த விஷயத்தில் எழுத்தாளர் பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத் சுசீலா எனக்கு இன்னும் நெருக்கம். அவர்களுடைய மூன்லைட் துப்பறியும் ஏஜென்சியில் சுசீலாவும் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். அவள் டீ ஷர்ட்டில் இன்று என்ன வாசகம் என்று பார்ப்பதற்காகவே பக்கம் புரட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நான் இவற்றைப் படிப்பது சிங்கப்பூர் ரயிலில். தினமும் யீஷூனிலிருந்து பாசிர் பாஞ்சாங்குக்கு எம்ஆர்டி, பீஷானில் வட்டப்பாதைக்கு மாற வேண்டும். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதைகளுக்கு இந்தப் பயணம் அளவெடுத்துத் தைத்தது போல. காத்திப் தாண்டினால் இயோ சூ காங் வரை ரயில் நிற்காமல் ஓடும். ஒரு அத்தியாயம் அதற்குள் முடிந்து, கதவு தட்டப்படும் இடத்தில் விட்டுவிடும். நூலகத்தில் 21 நாள் தவணை தருகிறார்கள். இந்தப் புத்தகங்களுக்கு இரண்டு நாள் போதும்.

சுஜாதாவின் கணேஷ் நாவல்களில் ஒன்றான 'ப்ரியா' என்றால் இங்கே பெரியவர்களுக்கு 1978இல் வந்த ரஜினி படம்தான். சிங்கப்பூர் தெருக்களைத் திரையில் பார்த்த சந்தோஷம் அவர்களுக்கு. நாவலில் கதை நடப்பது லண்டனில். அதைச் சொன்னால் என் மாமியார் இன்றும் நம்பமாட்டார்.

எனக்கு ஆசை ஒன்று உண்டு. இந்த ஊரிலேயே எழுதப்பட்ட வேகமான, சிரிப்பான க்ரைம் நாவல் ஒன்று வேண்டும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் திருமண விருந்து முடிந்த மறுநாள் காலை ஒரு பெட்டி கிடக்க வேண்டும். காப்பிக் கடை அங்கிள் ஒருவர், விசாரிக்க வந்த அதிகாரியிடம், முதலில் கோப்பி ஓ சொல்லுங்கள், அப்புறம் பெட்டியைப் பற்றிப் பேசலாம் என்று இழுக்க வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில் அதே அங்கிள் பேச்சை நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்தைப் படிக்க நான் பாசிர் பாஞ்சாங் தாண்டி ஹார்பர்ஃபிரண்ட் வரைகூடப் போகத் தயார்.