பிள்ளையை அதே தரத்தில் இன்னொரு வருடம் விடக் கேட்பதென்றால்

உயர்தரத்தில் ‘ரிப்பீட்’ எடுப்பதைத் திருகோணமலையில் யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அதுவே தரம் 2 பிள்ளையை இன்னொரு வருடம் அங்கேயே விடுங்கோ என்று பெற்றோர் போய் நின்றால் அதிபருக்கே புதினமாக இருக்கும். வருடம் முடிய வகுப்பேற்றம் தன்பாட்டில் நடந்துவிடும். புள்ளி குறைவென்று மறித்து வைப்பது இப்போது வழக்கமில்லை. ஆகவே காரணத்தைக் கேட்பவர்தான் காட்ட வேண்டும்.

முதலில் பிறந்த திகதியைப் பாருங்கள். தரம் 1 க்கு ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். 2018 ஜனவரி 25 இல் பிறந்தவள் 2023 இல் சேர்ந்து அந்த வகுப்பிலேயே ஆகச் சின்னவள். பெப்ரவரி 5 இல் பிறந்தவள் 2024 இல் சேர்ந்து தன் வகுப்பில் ஆக மூத்தவள். இடையில் இருப்பது 11 நாள். இந்த ஜனவரிப் பிள்ளை ஒரு வருடம் பிந்தினாலும் சமவயதுக்காரரோடுதான் இருப்பாள். 2017 மார்ச்சில் பிறந்தவளைப் பிந்த விட்டாலோ, புது வகுப்பின் மூத்த பிள்ளையைவிடவும் பத்து மாதத்துக்கு மேல் மூத்தவளாக நிற்பாள். ஆறாம், ஏழாம் தரத்தில் அது உடம்பிலேயே தெரியும்.

அடுத்தது வாசிப்பு. பாடத்தைக் கடகடவென்று ஒப்புவிக்கிற பிள்ளையை நம்பி ஏமாறாதீர்கள். போன வருடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, கடைசி வரியிலிருந்து மேலே வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். படங்களைக் கடதாசியால் மூடிவிடுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது. ‘கொ’வையும் ‘கெ’வையும் மாற்றி வாசித்தால், சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தால், அடித்தளமே ஆடுகிறது. ண, ந, ன குழப்பம் மட்டும் என்றால் அதற்காக ஒரு வருடத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

கண்ணையும் காதையும் பரிசோதிக்காமல் கடிதம் எழுதவே கூடாது. பாடசாலை வைத்தியப் பரிசோதனை பொதுவாக தரம் 1, 4, 7, 10 இல்தான் நடக்கும். தரம் 2, 3 பிள்ளைகள் இடையில் விடுபடுகிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வேண்டியது கண்ணாடி. அதே தரத்தில் இருத்தினால் அதே பலகை இன்னொரு வருடமும் தெரியாது, அவ்வளவுதான்.

வகுப்பாசிரியருடன் இரண்டாம் தவணை முடிவிலேயே கதையுங்கள். மூன்றாம் தவணைக்கு விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரவு குறைந்து, பிள்ளையின் பின்னடைவு எது, மழையால் தவறியது எது என்று பிரிக்க முடியாமல் போகும். புத்தாண்டில் பெயர் புது இடாப்பில் ஏறிய பிறகு கேட்பது அதைவிடச் சிக்கல்.

கடிதம் அதிபருக்கு, ஒரு பக்கம் போதும். ‘பிள்ளை படிப்பில் பலவீனம்’ என்று எழுதினால் ‘கவனம் எடுங்கோ’ என்ற பதிலோடு முடிந்துவிடும். எத்தனை நாள் வரவில்லை, ஏன், எந்தத் தேர்ச்சி கைவரவில்லை, வரும் வருடம் வீட்டில் எதை மாற்றப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் கேட்காமலே விடலாம் என்பது என் எண்ணம். தேர்ச்சி அறிக்கைகள், மருத்துவக் குறிப்பு, பிறப்புச் சான்றிதழ் இவற்றின் பிரதிகளை இணைத்து, தாய், தகப்பன் இருவரும் ஒப்பமிடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியைப் போட்டு வாங்குங்கள். அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகம். மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். போக வேண்டியது பாடசாலை இருக்கும் வலயத்துக்கு, வீடு இருக்கும் வலயத்துக்கல்ல.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்காகத் தரம் 4 ஐத் திரும்பப் படிக்க வைப்பவர்களும் உண்டு. அந்தப் பரீட்சைக்கு வயதெல்லை இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். வேறு பாடசாலைக்கு மாற்றி ஒரு தரம் கீழே சேர்க்கலாம் என்ற யோசனையும் இலேசில் சரிவராது: விடுகைப் பத்திரத்தில் படித்த தரம் எழுதியிருக்கும்.

ஒரு தரம் கீழே தம்பியோ தங்கையோ படித்தால் இருவரும் ஒரே வகுப்புக்கு வந்துவிடுவார்கள். அப்படியானால் வெவ்வேறு பிரிவில் விடச் சொல்லி அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். ஒரு தரத்துக்கு ஒரே பிரிவுள்ள சின்னப் பாடசாலையில் அதற்கும் வழியில்லை. அங்கே மேலே ஏற்றிவிட்டு, பின்னேரத்தில் கீழ் வகுப்புப் பாடத்தை வீட்டில் சொல்லிக்கொடுப்பதே மேல்.