‘க’ விழாத கதை

என் லேப்டாப்பில் ‘க’ விழாது.

தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்குத் தெரியும், ஆங்கில ‘எச்’ இருக்கும் இடத்தில்தான் ‘க’ உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாவி பொங்கலுக்கு முந்தியே கழன்றுவிட்டது. என் மகன் அதைப் பல்லாங்குழியில் சோழியாக வைத்து விளையாடித் தொலைத்தும் விட்டான். பிழைப்போ மொழிபெயர்ப்பு. ‘க’ இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது. ‘க்’ தொடங்கி ‘கௌ’ வரை 13 எழுத்தையும் ஒரு நோட்பேட் கோப்பில் போட்டுவைத்து, வேண்டும்போது எடுத்து ஒட்டிக்கொள்கிறேன். போன வாரம் ‘கூட்டுறவுக் கடன் சங்கக் கணக்குகள்’ என்று ஒரு தலைப்பு வந்தது. எண்ணிப் பாருங்கள். ஒன்பது ஒட்டு.

திரையின் கீல் அதற்கு முன்பே போய்விட்டது. பின்னால் பக்காப்படியை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். வெறும் படி சரிந்துவிடும் என்பதால் அதில் அரிசி நிரப்பியிருக்கும். சாயங்காலம் உலை வைக்கும் நேரம் வந்தால் வேலை நின்றுவிடும்.

“முந்நூறு ரூவாய்க்கு ஒரு கீபோர்டு வாங்கி மாட்டக் கூடாதா?” என்பாள் வீட்டுக்காரி.

“புதுசு வரப்போவுது. இதுக்கு எதுக்குச் செலவு?” என்பேன். இதை நான் 2020-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் என் மச்சினனால் வந்தது. 2020 மார்ச்சில் வந்த ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப்பைச் சுடச்சுட வாங்கினான். நவம்பரில் ஆப்பிள் இன்டெலை விட்டுவிட்டுத் தன் சொந்த எம்1 சில்லைப் போட்டு அடுத்த ஏரை இறக்கிவிட்டது. எட்டே மாதம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் வேலையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஜன்னி கண்டது. வாங்கினால் அடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டுதான் வாங்குவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

எம்1 ஏர் 92,900 ரூபாய். வாங்கியிருக்கலாம். ஆனால் 2021-ல் ஆப்பிளின் மேசைக் கம்ப்யூட்டரான ஐமேக் ஏழு நிறத்தில் வந்ததும், அடுத்த ஏரும் அப்படித்தான் வரும் என்று ஒரு தாக்கல் பரவியது. பச்சையில் ஒன்று என்று மனசுக்குள் எடுத்தே வைத்துவிட்டேன். 2022 ஜூனில் எம்2 வந்தது. வெள்ளி, சாம்பல், பொன் கலந்த வெள்ளை, இருட்டு நீலம். பச்சையைக் காணோம். விலை 1,19,900. சரி, எம்3 வரட்டும் என்றேன். 2024 மார்ச்சில் வந்தது, 1,14,900. ஆனால் அடிமட்ட மாடலில் அதே 8 ஜிபி மெமரி. அந்த அக்டோபரில் அதே விலைக்கு 16 ஜிபி ஆக்கினார்கள். இதுக்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். மார்ச்சில் எம்4 வருமே!

“பொண்ணு பாக்கப் போயிட்டு, இவளுக்குப் பொறவு தங்கச்சி இருக்காளான்னு கேக்குறவன் மாதிரில்லா இருக்கு உங்க சோலி” என்றாள் அவள்.

எனக்கு இது தப்பாகவே தெரியவில்லை. எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. மே கடைசி வந்துவிட்டால் ஜங்ஷனில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுத்தான். கேரளாவுல மழை புடிச்சிட்டாம்லா. தென்காசியில சாரலாம். ஐந்தருவில நூல் மாதிரி விழுதாம். சொல்லுகிறவன் பார்த்திருக்க மாட்டான். செங்கோட்டை பஸ் கண்டக்டர் சொன்னதாகச் சொல்லுவான். ஆப்பிளும் தன் டெவலப்பர் மாநாட்டை ஜூனில்தான் வைக்கிறது. ஆப்பிளில் அடுத்து என்ன வரும் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தில் முன்கூட்டியே எழுதும் மார்க் குர்மன்தான் எனக்குச் செங்கோட்டை பஸ் கண்டக்டர். ஒரே மாதத்தில் இரண்டு சீசனையும் விசாரித்துக்கொண்டு திரிந்தால் அந்தச் சுகமே தனி. போய்க் குளிக்கிறோமா இல்லையா என்பது அடுத்த பேச்சு.

ஒரு தடவை அவளுக்கு ஆர்வம் வரட்டும் என்று ஏரின் பெருமைகளைப் படித்துக் காட்டினேன். விசிறியே கிடையாது, சத்தமே வராது, ஒன்றேகால் கிலோதான். அந்த ஜோரில், 10 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் போட்டிருக்கும் வரியையும் சேர்த்துப் படித்துவிட்டேன்.

“முப்பத்தஞ்சா? பாளையங்கோட்டையிலயா?” வாசலைப் பார்த்தாள். சித்திரை வெயில், தெருவில் நாய்கூட இல்லை. “அப்ப அத வாங்கி மார்கழி மாசம் மட்டும் தொறப்பியளோ?”

கடைசியில் 2025 மார்ச்சில் எம்4 ஏர் 99,900-க்கு வந்தது. வான நீலமும் உண்டு. பச்சை இல்லாவிட்டால் போகிறது என்று, ஜூன் மாதம் ஒரு நாள் பணத்தோடு வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போயேவிட்டேன்.

பார்வைக்கு வைத்திருந்ததைக் கடைப் பையன் திறந்து காட்டினான். மேக்கில் தமிழ்99 உள்ளேயே கிடக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துருவும் கூடவே வருகிறது. பையனை மாற்றிவிடச் சொல்லி, முதல் காரியமாக ‘க’ அடித்தேன். விழுந்தது. இன்னொன்று அடித்தேன். அப்புறம் விரல் நிற்கவில்லை. திரை முழுக்கக் க க க கா கா கா என்று அமாவாசைப் படையல் வைத்த மொட்டைமாடி மாதிரி ஆகிவிட்டது.

“என்ன தம்பி பண்ணுதிய?” என்றது பக்கத்தில் ஒரு குரல். வேட்டி சட்டை, கக்கத்தில் மஞ்சப்பை. பெருமாள்புரத்துக்காரர். மகள் சென்னையில் விஸ்காம் சேர்ந்திருக்கிறாளாம், அவளுக்கு ஒன்று எடுக்க வந்திருக்கிறார். என் ‘க’ கதையைச் சொன்னேன். உச்சுக்கொட்டிக் கேட்டார். பிறகு மஞ்சப்பையில் கைவிட்டுக்கொண்டே, “அப்ப இத வாங்கலாம்ங்கியளா?” என்றார்.

இந்த இடத்தில் ‘ம்’ என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாக்கு கேட்கவில்லை. “எம்5 தயாராயிட்டு இருக்காம் அண்ணாச்சி. ஐப்பசி வரைக்கும் பொறுத்தா...” என்று ஆரம்பித்து, சில் வரிசை, விலை இறங்குகிற கணக்கு எல்லாம் கால் மணி நேரம் ஓதினேன். மஞ்சப்பையிலிருந்து கை வெறுமனே வெளியே வந்தது. “யோசிச்சிட்டு வாரேன்” என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “அண்ணாச்சி, நீங்க எடுக்குதியளா?”

அவ்வளவு நேரம் ஊரான் ஒருவருக்கு எம்5-ஐப் பற்றிப் பேசிவிட்டு, நானே எம்4-ஐ எப்படி எடுப்பது? “நானும் ஐப்பசியிலதான்...” என்றேன்.

“நீங்களும் வாங்க மாட்டிய, வாங்க வந்த ஆளையும் வாங்க விட மாட்டிய. போயிட்டு வாங்க, வெயில் ஏறுது.” பையன் துணியை எடுத்து என் காக்காய்க் கூட்டத்தின் மேல் விரல்தடம் துடைத்தான்.

அக்டோபர் 15-ஆம் தேதி, தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில், எம்5 வந்தது. நான் சொன்ன கெடு தப்பவில்லை, ஐப்பசி பிறக்குமுன்பே வந்துவிட்டது. வந்தது ஏரில் அல்ல, 14 அங்குல மேக்புக் புரோவில். ஆனாலும் குறி சொன்ன மிதப்பில் இரண்டு நாள் திரிந்தேன்.

அந்த வாரமே தெற்கு பஜாரில் பட்டாசுக் கடை முன்னால் மஞ்சப்பையைப் பார்த்தேன். ஒளிய இடமில்லை. அவரே கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி! அன்னைக்கு நீங்க சொன்னத மவகிட்ட சொன்னேன். ‘அடுத்தது வந்தா அதுக்கடுத்ததும் வரும், பாடம் இப்பல்லாப்பா நடக்கு’ன்னுட்டா. மறுநாளே போயி எடுத்துட்டோம். நீங்க எடுத்தாச்சா?”

“ஏர்ல எம்5 இன்னும் வரல அண்ணாச்சி. அனேகமா மார்ச்...”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரைப் பார்க்கிற பார்வை.

“மவ லீவுக்கு வந்துருக்கா, புதங்கிழம வரைக்கும் இருப்பா. கூச்சப்படாம வீட்டுக்கு வாங்க தம்பி. உங்களுக்கு வேண்டிய ‘க’ எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போங்க.”