நாளுக்கு ஒரு கவிதை: விட்டுப்போன வாசிப்பைத் திரும்பப் பிடிக்க

வாசிப்பு விட்டுப்போனவர்கள் திரும்பத் தொடங்கும்போது பெரும்பாலும் 600 பக்க நாவலைத்தான் கையில் எடுக்கிறார்கள். முதல் நாள் 30 பக்கம் ஓடும். மூன்றாம் நாள் பாத்திரங்களின் பெயர் குழம்பும். அடுத்த வாரம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும், ‘இனி நமக்கு வராது’ என்ற எண்ணமும் மனதில் குடியேறிவிடும்.

கண்ணின் பழக்கம் மாறிப்போனதுதான் இதற்குக் காரணம். கைபேசித் திரையில் பத்தியின் முதல் நாலு சொல்லைத் தொட்டுவிட்டுக் கீழே தாவப் பழகிய கண், அச்சுப் பக்கத்திலும் அதையே செய்கிறது. நாவலில் தாவினாலும் கதை புரிவதுபோலவே கொஞ்ச தூரம் போகும். ஐந்தடிக் கவிதையில் ஒரு சொல்லை விட்டால் மொத்தமும் கைநழுவிவிடும். கண்ணை மறுபடி சொல்லுக்குச் சொல் நிற்க வைக்கக் கவிதையைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அளவு சிறியதாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு கவிதை, 10 நிமிடம். அதே கவிதையை மூன்று முறை வாசிக்க வேண்டும். முதல் முறை மனதுக்குள், எங்கும் நிற்காமல். புரியாத சொல் வந்தாலும் கடந்து போங்கள். இரண்டாம் முறை வாய்விட்டு. ல, ள, ழ மூன்றையும் சரியாக உச்சரித்தே ஆக வேண்டும் என்பதால் நாக்கு கண்ணை இழுத்துப் பிடிக்கும், தாவ முடியாது. மூன்றாம் முறை பென்சிலோடு: வினைச்சொற்களின் கீழ் கோடு, யார் யாரிடம் பேசுகிறார் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அவ்வளவு போதும்.

பழைய பாடல்களில் பலரை முதல் அடியிலேயே விரட்டிவிடுவது சீர் பிரித்து அச்சிடும் முறை. யாப்புக்காகச் சொல் நடுவில் உடைந்து நிற்கும். எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கும் குறுந்தொகை 40ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாரா கியரோ’ என்று அச்சில் இருக்கும். அது ‘யார் ஆகியரோ’. ‘பெயனீர்’ என்பது ‘பெயல் நீர்’, பெய்யும் மழைநீர். ‘தாங்கலந் தனவே’ என்பது ‘தாம் கலந்தனவே’. பதம் பிரித்து ஒரு தாளில் எழுதிவிட்டால் அகராதியில் பார்க்க மிஞ்சுவது மூன்றே சொல்: யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், நுந்தை என்றால் உன் தந்தை.

இப்போது பாட்டின் அமைப்பைப் பாருங்கள். முதல் மூன்று அடியிலும் மூன்று இணைகள்: என் தாய், உன் தாய், என் தந்தை, உன் தந்தை, நான், நீ. மூன்றும் கேள்விகள். ஒன்றுக்கும் பதில் கிடையாது. நாலாவது அடியில் செம்மண்ணில் விழும் மழை வருகிறது. மற்ற அடிகளில் நாலு சீர், அந்த அடியில் மட்டும் மூன்று. ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி இப்படிக் குறைந்து வருவதற்கு நேரிசை என்று பெயர். இலக்கணப் பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை; வாய்விட்டுச் சொன்னால் அந்த இடத்தில் மூச்சு சற்று நிற்பது தெரியும். அந்த நிறுத்தத்துக்குப் பிறகுதான், அன்புள்ள நெஞ்சங்கள் ‘கலந்தன’ என்ற வினை வந்து விழுகிறது. இரண்டு வீட்டாருக்கும் தொடர்பே இல்லை என்று மூன்று அடி சொல்லிவிட்டு, மண்ணையும் நீரையும் இனிப் பிரிக்க முடியாது என்று முடிகிறது. எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்றார்கள். ஒரு உவமைக்காக ஒருவரை இத்தனை காலம் நினைவில் வைத்திருக்கிற மொழி நம்முடையது என்பதில் எனக்குத் தீராத பெருமை.

பாடலோடு, இது யார் கூற்று என்று ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். இத்தகைய குறிப்புகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முதல் இரண்டு வாசிப்பு முடியும்வரை அந்தக் குறிப்பை ஒரு தாளால் மூடி வையுங்கள். உரையையும் அப்படியே. உரையை முதலில் படித்தால் பாட்டில் உரை மட்டும்தான் தெரியும். நீங்களாகக் கேட்க வேண்டிய குரல் கேட்காமலே போய்விடும். மூன்றாம் வாசிப்புக்குப் பின் உரையைத் திறந்து, எங்கே தவறவிட்டீர்கள் என்று பாருங்கள்.

புதுக்கவிதையில் சிக்கல் வேறு மாதிரி. சொல்லெல்லாம் தெரிந்ததாக இருப்பதால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும். நிறுத்தற்குறியும் குறைவு. வரி முடியும் இடத்தில் அரை மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். ஏன் அங்கே உடைத்தார் என்று கேட்டுப் பார்த்தாலே பாதிக் கவிதை திறந்துவிடும்.

ஒரே உட்காரலில் தொகுப்பு முழுவதையும் முடித்துவிடாதீர்கள். பத்தாவது கவிதை முதல் கவிதையை அழித்துவிடும். முதலில் பலரின் கவிதைகள் சேர்ந்த திரட்டு ஒன்று, அதில் மனம் ஒட்டிய ஒருவரின் மெல்லிய தொகுப்பு ஒன்று என்று போவது நல்லது. மூன்று முறை வாசித்தும் ஒட்டாத கவிதையைக் குற்றவுணர்வு இல்லாமல் விட்டுவிடுங்கள். பிடித்ததை வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கையால் நோட்டில் எழுதுங்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டால் ஏதாவது ஒரு சொல் மாறியிருக்கும். கண் நழுவியது அங்கேதான். ‘உம்’ விட்டுப்போயிருக்கும், அல்லது ‘ஏ’. அந்த ஒரு எழுத்து எவ்வளவு பாரம் சுமந்தது என்று அப்போது தெரியும்.

மூன்று வாரம் இப்படிப் போனபின் உரைநடையைச் சேர்க்கலாம். 10 பக்கத்துக்குள் முடியும் சிறுகதை, வாரத்துக்கு இரண்டு. கவிதையை நிறுத்த வேண்டாம். கதைக்கு முன்னால் ஒரு கவிதை என்றால் கண் நிதானத்துக்கு வந்துவிடும். பிறகு 150 பக்கக் குறுநாவல், நாளுக்கு 15 பக்கம். பக்கம் எண்ணத் தோன்றுகிறது, முந்தின பத்தி நினைவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடருங்கள்.

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கவிதைப் புத்தகத்தை அலமாரியில் அடுக்க வேண்டாம். இரவில் கைபேசியை வைத்துப் பழகிய அதே இடத்தில், பென்சிலைச் செருகித் திறந்த பக்கத்தோடு கவிழ்த்து வையுங்கள்.