கடல் பக்கம் யாருக்கு?

மார்ச் 12, 2024. ஜீலாங்

மெல்பர்னிலிருந்து வாடகைக் காரில் சுமார் 75 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டுக்குப் போகிறவர்கள் பலர் இந்த ஊரில் நிற்பதே இல்லை. நாங்கள் தங்கியதும் களைப்பினால்தான். நல்லதாகப் போயிற்று.

கடலோர நடைபாதை நெடுக வண்ணம் பூசிய ஆளுயர மரப் பொம்மைகள், நூற்றுக்கும் மேல். நீச்சல் உடைப் பெண்கள், மீனவர், பேண்டு வாத்தியக்காரர்கள். பழைய படகுத்துறையின் மரத்தூண்களை ஜேன் மிட்செல் என்ற கலைஞர் இப்படி மாற்றியிருக்கிறார். பல பொம்மைகளின் காலடியில் ஒரு குட்டி முயல். 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாட ஆசைப்பட்டு, இங்கிலாந்து முயல்களை இந்த வட்டாரத்தில்தான் அவிழ்த்துவிட்டார். அவை பெருகி நாட்டையே மேய்ந்தது பெரிய கதை. மனைவி பதினொரு முயல்களைக் கண்டுபிடித்தாள். எனக்கு அகப்பட்டவை நான்கு.

மார்ச் 13. அப்பல்லோ பே

டார்க்கீயில் சாலை தொடங்குகிறது. மேற்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம். இங்கும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டுவதால் ஸ்டியரிங் வலது பக்கம். ஆக, கடல் முழுக்க அவளுக்கு. 35 என்று மஞ்சள் பலகை எச்சரிக்கும் வளைவுகள் எனக்கு.

“ஐயோ, அங்க பாருங்க!”

பார்த்தால் இருவரும் அங்கேயே போய்ச் சேர்வோம். பின்னால் நாலைந்து கார்கள் சேரும்போதெல்லாம் ஓரம் கட்டி வழிவிட்டேன். அந்த அரை நிமிடம்தான் எனக்குக் கடல். லார்னைத் தாண்டியதும் மலையைச் செங்குத்தாக வெட்டி ஒட்டவைத்தாற்போல் போகிறது சாலை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சுமார் 3,000 பேர், 1919 முதல் 1932 வரை, கடப்பாரையும் மண்வெட்டியும் குதிரை வண்டியுமாகப் போட்டது. போரில் செத்த தோழர்களுக்கு இதுவே நினைவுச் சின்னம். 1924ல் கேஸினோ என்ற கப்பல் பாறையில் தட்டி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளியதாம். பீப்பாய்கள் கரை ஒதுங்கின. சாலை வேலை இரண்டு வாரம் நின்றது. குகையும் பதுங்குகுழியும் பார்த்துவிட்டு வந்தவர்கள், குடிக்கட்டும்.

கென்னட் ரிவரில் ஒரு கோவாலா, கிளைக் கவட்டையில் மூட்டைபோல் தூங்கியது. அசையவே இல்லை.

மார்ச் 14. போர்ட் கேம்ப்பெல்

பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், கரையை ஒட்டிக் கடலில் நிற்கும் பாறைத் தூண்கள். பெயரில்தான் பன்னிரண்டு, என் கணக்குக்கு ஏழு வந்தது. முன்பு இதற்குப் ‘பன்றியும் குட்டிகளும்’ என்று பெயர். சுண்ணாம்புப் பாறை, அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2005 ஜூலையில் ஒரு தூண் அப்படியே சரிந்தது. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறைப் பாலத்தில் 1990ல் கரையோடு சேர்ந்த வளைவு இடிந்துவிழ, மறுபக்கம் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அதைப் படித்தபின் வேலியை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றேன். காற்று தொப்பியைப் பிடுங்கியது.

மார்ச் 15. லார்ன்

உள்நாட்டு வழியில் போனால் சீக்கிரம் மெல்பர்ன். எனக்கு மனசு கேட்கவில்லை. வந்த வழியே திரும்பலாம், நீ ஓட்டு, நான் கடல் பார்க்கிறேன் என்றேன். சரி என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

அப்பல்லோ பே தாண்டிய பிறகுதான் உறைத்தது. கிழக்கே போகும்போது கடல் வலது பக்கம். என் ஜன்னலில் பாறையும், கல் உருளாமல் கட்டிய கம்பி வலையும்.

“நல்லாத் தெரியுதுங்க,” என்றாள்.

“ரோட்டைப் பாரு,” என்றேன்.