நிரம்பிய சி டிரைவும் ஒரு டவுன்லோட்ஸ் ஃபோல்டரும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அத்தனை ஆண்டுகளில் "சி டிரைவ் நிரம்பிவிட்டது" என்று சொல்லி யாரும் என்னை அழைத்ததாக நினைவில்லை. பிரிண்ட் வரவில்லை, எக்செல் சேமிக்க மறுக்கிறது, காலையில் கணினியைத் திறந்தால் டெஸ்க்டாப்பில் இருந்த ஒன்றையும் காணோம் என்றுதான் அழைப்புகள் வரும். போய்ப் பார்த்தால், விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கும் சி டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பட்டை முழுதும் சிவந்திருக்கும். பிரிண்டருக்குப் போகவேண்டிய பக்கங்கள் முதலில் சி டிரைவில்தான் வரிசை கட்டி நிற்கின்றன. பயனரின் புரொஃபைலை, அதாவது அவருடைய டெஸ்க்டாப்பும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பை, ஏற்ற இடம் போதாதபோது விண்டோஸ் வெறுமையான ஒரு தற்காலிக புரொஃபைலைத் திறந்துவிடக்கூடும். இடப்பற்றாக்குறை வேறு நோய்களின் முகத்தோடுதான் வரும் என்பதை அறிந்துகொள்ளவே எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

எங்கள் அலுவலகத்தில் பழைய ஹார்டு டிஸ்க்குகளை நீக்கிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தியபோது இந்த அழைப்புகள் அதிகரித்தன. வேகம் கூடியது, இடம் குறைந்தது. அந்த 120 ஜிபியும்கூட விண்டோஸில் 111 ஜிபி என்றுதான் தெரியும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது என்ற கணக்கை நான் பலருக்கும் விளக்கியிருக்கிறேன்.

அக்காலத்தில் என் வழி எளிமையானது. வேண்டாத கோப்புகளைப் பட்டியலிட்டு அழிக்கும் டிஸ்க் கிளீனப் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்து, தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். அந்த வழி போதாது என்று முதலில் காட்டியது, 2016-இல் சாம்பிள் பிரிவில் இருந்த ஒரு விண்டோஸ் 7 கணினி. திங்கட்கிழமை 20 ஜிபி விடுவித்துக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் மறுபடியும் நிரம்பிவிடும். வைரஸ் என்று நினைத்து முழுச் சோதனை ஓட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான், அழிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும் வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரில், 'கேப்' என்று தொடங்கும் பெயர்களோடு, ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி அளவில், நூற்றுக்கணக்கான கோப்புகள் கிடந்தன.

அவற்றின் பிறப்பிடம் வேறோர் இடத்தில் இருந்தது. அப்டேட்டுகள் நிறுவப்படும்போது நடப்பவற்றையெல்லாம் விண்டோஸ் 'சிபிஎஸ்' என்ற லாக் கோப்பில், அதாவது பதிவேட்டில், எழுதிவைக்கிறது. அது ஓரளவு பெருத்ததும், பெயர் மாற்றி, சுருக்கி, கேப் வடிவில் வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் சுருக்கும் நிரலால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாது. ஏதோ ஒரு காரணத்தால் லாக் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், அந்த நிரல் சுருக்க முயன்று பாதியில் தோற்று, அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் விட்டுவிட்டு, பிறகு மீண்டும் முயலும், மீண்டும் தோற்கும். நான் வாராவாரம் அள்ளிக்கொண்டிருந்தது அந்தத் தோல்விகளின் மிச்சத்தைத்தான். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சேவையை நிறுத்தி, பெருத்துப்போன லாக்கை அழித்து, பிறகு கேப் கோப்புகளை நீக்கினேன். அதன்பின் அந்தக் கணினியிலிருந்து இந்தப் புகார் வரவில்லை. கூரையில் ஓட்டை இருக்க, தரையைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அளக்கத் தொடங்கிய பிறகு வேறொரு மயக்கம் வந்தது. எந்தக் கணினியில் பார்த்தாலும் மிகப்பெரிதாகத் தெரிவது, விண்டோஸ் தன் கூறுகளைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர்தான். அதை அப்படியே அழித்தால் என்ன என்று என்னிடம் கேட்ட, பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் பலர். அதில் தெரியும் அளவு உண்மையான அளவு அன்று. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் இருப்பதுபோல, அங்குள்ள பெரும்பாலான கோப்புகள் சிஸ்டம்32 போன்ற மற்ற விண்டோஸ் ஃபோல்டர்களிலும் பெயர் பெற்றிருக்கின்றன. எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் எண்ணிவிடுகிறது. விண்டோஸோடு வரும் 'டிஸ்ம்' கட்டளையால் அதன் மெய்யான அளவை அறியலாம், அதே கட்டளையால் பழைய பதிப்புகளைக் களையவும் செய்யலாம். கையால் தொட்டால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம்.

இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரும் அப்படித்தான். பெயரைப் பார்த்து, நிறுவி முடித்த மென்பொருள்களின் பழைய பொட்டலங்கள் என்று எண்ணி உடன் வேலை செய்த ஒருவர் ஒருமுறை அதைக் காலி செய்துவிட்டார். அன்று ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து ஆபீஸ் மென்பொருளை அப்டேட் செய்யவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை. இறுதியில் விண்டோஸையே புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அந்தப் பொட்டலங்கள் நீக்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தேவை என்பதால்தான் அவற்றை விண்டோஸ் ஒளித்து வைக்கிறது.

மேசைக் கணினிகளில், ராம் என்ற நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துக் கணினியை அணைக்கும் ஹைபர்நேஷனை நிறுத்தினாலே சில ஜிபி கிடைத்துவிடும். விண்டோஸ் 10 அதற்காக ராமின் அளவில் 40 சதவீதத்தை ஒதுக்கி வைக்கிறது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களின் கணினிகளில் பெரும்பங்கு அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளுக்குப் போயிருக்கும், ஏனென்றால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆர்ட்வொர்க் முழுதும் மெயிலோடுதான் வரும். அங்கு ஓஎஸ்டி என்று முடியும் கோப்பு சர்வரில் இருப்பதன் நகல். எத்தனை மாத மெயில்கள் கணினியில் இருக்க வேண்டும் என்ற அளவைக் குறைத்தால் போதும். பிஎஸ்டி என்று முடிவதோ பெரும்பாலும் உலகில் இருக்கும் ஒரே பிரதி. ஓர் எழுத்து வேறுபாட்டில் ஒருவருடைய பல ஆண்டுக் கடிதங்கள் நிற்கின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகும் 2019-இல் நான் ஒரு தவறு செய்தேன். கணக்குப் பிரிவில் மூத்தவரான ஓர் அக்காவின் கணினி, மாதத்தின் 18-ஆம் தேதி நின்றுவிட்டது. ஜிஎஸ்டி மாதாந்திரப் படிவத்துக்கு 20-ஆம் தேதிதான் கெடு. அவசரத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பி, டிஸ்க் கிளீனப்பில் எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்துவிட்டேன். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாகச் சேர்ந்திருந்ததை நான் வாசிக்கவில்லை. 2020-இல் வந்த பதிப்பில் அந்த வரி நீக்கப்பட்டது. எனக்கு அது பயன்படவில்லை. டிஸ்க் கிளீனப் அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. எஸ்எஸ்டியிலோ, அழிந்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு விரைவிலேயே வெறுமையாக்கிவிடுவதால், மீட்பு மென்பொருள்களாலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

டவுன்லோட்ஸ் என்றால் எனக்கு, இறக்கி, நிறுவி, மறந்துபோனவற்றின் கிடங்கு. அந்த அக்காவுக்கு அதுதான் பீரோ. வங்கி அறிக்கைகள், தாக்கல் செய்த படிவங்கள், ஏஜெண்டுகள் அனுப்பிய ஷிப்பிங் பில் என்ற சுங்க ஆவணங்களின் நகல்கள் எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்தார். "தம்பி, நேத்து வரைக்கும் இங்கதானுங்க இருந்துச்சு" என்று மட்டும்தான் சொன்னார். ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதன் பின் மூன்று நாள் மாலை அவர் பக்கத்தில் அமர்ந்து, இணையத்தில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக மறுபடியும் இறக்கினோம். மற்றவற்றை மெயில்களில் தேடினோம். பெரும்பகுதி வந்தது. அவர் கையால் குறிப்பெழுதி ஸ்கேன் செய்து வைத்திருந்த சில வவுச்சர்கள் வரவே இல்லை.

அதற்குப் பிறகு, கணினிக்கு உரியவர் பக்கத்தில் இல்லாமல் அவருடைய எந்த ஃபோல்டரையும் நான் காலி செய்ததில்லை. லாக், அப்டேட் மிச்சங்கள், தற்காலிகக் கோப்புகள் விண்டோஸுக்கு உரியவை. அவற்றைப் பற்றி நான் முடிவெடுக்கலாம். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் அப்படியன்று. அவற்றை அளவு வாரியாக வரிசைப்படுத்தித் திரையில் காட்டி, இது என்ன, இது வேண்டுமா என்று கேட்பேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகும்.

அடுத்த ஆண்டு அந்த அக்காவின் சி டிரைவ் மீண்டும் சிவந்தபோது, அவரே நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இப்போது ஆண்டு வாரியாகத் துணை ஃபோல்டர்கள் இருந்தன. எதையும் அழிக்கவில்லை. அதன் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் பகுதியைத் திறந்து, முழு ஃபோல்டரையும் டி டிரைவுக்கு நகர்த்தினேன். நகர்ந்து முடிந்ததும் அவர் ஒவ்வோர் ஆண்டையும் திறந்து பார்த்தார். கடைசி ஆண்டைப் பார்த்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.