எனக்குக் கிடைத்த 2.0

விபத்தைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. மழை, பைக்கின் பின் இருக்கை, முதுகெலும்பு முறிவு. அதுவரை நான் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஷூட்டர். தென்மண்டலப் போட்டி வரை ஆடியவள். அதற்கப்புறம் இரண்டு வருடம் பந்தைத் தொடவில்லை. மாதவி லதா தொடங்கிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, பழைய அணித் தோழி ஒருத்திதான் என்னைச் சென்னையில் ஒரு முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வளையம் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. முதல் நாள் நான் எறிந்த பந்து எதுவும் அதைத் தொடக்கூட இல்லை. பந்துக்கு வேகம் முழங்காலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது, முழங்கால் உதவாமல் போன பிறகுதான் புரிந்தது. தோளும் மணிக்கட்டும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று. விதிகளும் குழப்பின. சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவது தள்ளலுக்கு முன் பந்தைத் தட்டியாக வேண்டும், இல்லையென்றால் டிராவலிங் என்ற தப்பு. ஆனால் தட்டி, மடியில் வைத்து, மறுபடி தட்டலாம். நின்று ஆடிய காலத்தில் அது தப்பு. அதனால் என் கை பல நாள் பாதியிலேயே நின்றுவிடும்.

சரி, வகுப்புப் பிரிக்கும் கதைக்கு வருகிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். 1.0 முதல் 4.5 வரை, அரை அரைப் புள்ளியாக ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தருவார்கள். உடம்பின் இயக்கம் குறைய எண்ணும் குறையும். களத்தில் இருக்கும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 14-ஐத் தாண்டக்கூடாது.

எனக்குச் சர்வதேச வகுப்பு கிடைத்தது தாய்லாந்துக்கு ஆடப் போனபோது. மருத்துவ அறிக்கைகள் முன்பே போய்விட்டன. ஆனால் காகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வகுப்புப் பிரிப்பவர்கள் பயிற்சியின்போது கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, நாம் ஆடுவதைப் பார்க்கிறார்கள். தரையில் கிடக்கும் பந்தை எப்படி எடுக்கிறோம், பக்கவாட்டில் வரும் பாஸுக்கு எவ்வளவு தூரம் சாய்கிறோம், மோதினால் எப்படி நிமிர்கிறோம் என்று. முதல் மேட்சிலும் அந்தப் பார்வை தொடரும். போட்டியில் கட்டும் ஸ்ட்ராப்பையேதான் அப்போதும் கட்டியிருக்க வேண்டும்.

நான் செய்த அசட்டுத்தனம், அவர்களிடம் திறமையைக் காட்டப் பார்த்தது. எட்டாத பந்துக்கெல்லாம் சாய்ந்து நாற்காலியோடு கவிழ்ந்தேன். 3.0 வரும் என்று மனதுக்குள் கணக்கு. வந்தது 2.0. அவர்கள் பார்த்தது என் ஷூட்டை அல்ல, என் இடுப்பை. அரியர் விழுந்தவள் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

கோச் சார் சிரித்தார். “இது மார்க் இல்லம்மா. 2.0-ல ஷூட் பண்ற பொண்ணு இருந்தா மத்த நாலு பேருக்கு 12 மிச்சம். எனக்குக் கொண்டாட்டம்தான்.”

அவருக்குக் கொண்டாட்டம். எனக்கோ அப்புறம் வந்த வேலை பெரும்பாலும் பந்தில்லாத வேலை. எதிரணி நாற்காலியின் வழியில் என் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி, வகுப்பு எண் அதிகமுள்ள எங்கள் ஆட்டக்காரியை உள்ளே விடுவது. நாற்காலியால் பக்கவாட்டில் நகர முடியாது, அதனால் ஒருத்தியை ஒரு நொடி மடக்கினாலே போதும். ஸ்கோர் தாளில் இது எங்கேயும் வராது. பாராட்டு வாங்கிப் பழகியவளுக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஒரு லாபமும் உண்டு. 3.0 வரை உள்ளவர்கள் இருக்கையை 63 செ.மீ. வரை உயர்த்தலாம், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 58தான். உயர்த்தினால் வளையம் கிட்டே வரும், நிதானம் போகும். நான் இப்போது 60-இல் வைத்திருக்கிறேன். அடுத்த முகாமில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏற்றிப் பார்க்க வேண்டும்.