சிங்க் நாற்றம் எந்த வழியாக வந்தது

போன ஐப்பசி மழையோடு எங்கள் சமையலறையில் ஒரு நாற்றம் ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி முகத்தில் அடிக்கும். காபி போட்டு, பாத்திரம் கழுவத் தண்ணீர் திறந்துவிட்டால் கொஞ்சம் அடங்கும். மதியம் பதினொரு மணி வாக்கில் மறுபடி கிளம்பும். மாமியாருக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அவர் வழக்கமாகச் சிங்க் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார். இரண்டு வாரத்தில் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் இதை இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று இறங்கினேன். சரியாக மூன்று மாதம் பிடித்தது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னை நங்கநல்லூரில். 1998-ல் கட்டிய குடியிருப்பு, தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும். எங்கள் வீடு தரைத்தளம். மூன்று வீட்டுச் சமையலறைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால், மூன்று சிங்க்கின் தண்ணீரும் வெளிச்சுவரில் இறங்கும் ஒரே குழாயில்தான் சேர்கிறது.

முதலில் செய்தது கேஸ் சிலிண்டரைப் பார்த்தது. எங்கள் சிலிண்டர் சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியை ஒட்டித்தான் நிற்கிறது. கேஸில் கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகக் கலக்கும் பொருளுக்கும் கெட்ட நாற்றம்தான், அவசரத்தில் எது எது என்று பிரிக்க முடியாது. சோப்பு நுரையை ரெகுலேட்டரிலும் டியூபிலும் தடவிப் பார்த்தேன். குமிழ் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இதைத்தான் முதலில் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அது கேஸ் கசிவுக்கான அவசர எண்.

"எலி செத்திருக்கும்டி, அலமாரிக்குப் பின்னால பாரு" என்றார் மாமியார். அலமாரியை இழுத்துப் பார்த்தோம். எலி இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று கவனித்தேன். மேல் வீட்டில் பாத்திரம் கழுவும் நேரம், எங்கள் சிங்க்கில் யாரும் கை வைக்காதபோதே 'களக் களக்' என்று சத்தம். ஜாலி ஓட்டை வழியாக நுரை இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது. நாற்றமும் அதே நேரம் எழுந்தது. மணி பதினொன்று. தினமும் அந்த நேரத்தில் நாற்றம் ஏன் வருகிறது என்பதற்கு விடை அந்தச் சத்தத்தில் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை. தண்ணீரும் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்ததால், அடைப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பவுடரை வாங்கி ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையிலும் தண்ணீர் இறங்கவில்லை. பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் பையிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். "அண்ணே, நேத்து ராத்திரி பவுடர் போட்டிருக்கேன்" என்று சொன்னேன். அவர் சட்டென்று மூடியைத் திரும்ப மூடிவிட்டார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. ரெண்டும் சேர்ந்தா பொங்கி மூஞ்சியிலயே அடிக்கும்" என்றார். அந்தப் பவுடர் காஸ்டிக் சோடா. ஆசிட்டோடு சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். ஆசிட் கலந்த கழிவறை கிளீனரை பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும். அடைத்த சிறிய சமையலறையில் அது மூச்சையே பாதிக்கும். எந்த மருந்து ஊற்றினாலும் அடுத்து வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள், நானும் இரண்டு முறை ஊற்றினேன். நன்றாகப் பொங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்கை அது அசைக்காது.

அந்தப் பிளம்பர் சிங்க்குக்கு அடியில் இருந்த நெளிநெளியான வேஸ்ட் பைப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இரண்டடி நீளப் பிளாஸ்டிக் பைப், பிடித்தால் கனமாக இருந்தது. கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்தோம். உள்ளே ஒவ்வொரு மடிப்பிலும் சாம்பல் கலந்த வெள்ளையாக ஒன்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. நடுவில் கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய் நார், காபிச் சக்கை, ஒரு புளியங்கொட்டை. எங்கள் போர்த் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் எண்ணெயும் சேர்ந்தால் கரையாத ஒருவகைச் சோப்பாக இறுகிவிடும். அதன்மேல் தோசை மாவு கழுவிய தண்ணீரும் கஞ்சியும் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷத்துச் சமையல் முழுக்க அந்தப் பைப்பில் இருந்தது.

புதுப் பைப் மாட்டினார். தண்ணீர் அருவி மாதிரி இறங்கியது. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் காலை, அதே முட்டை நாற்றம்.

அடைப்பும் நாற்றமும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. அடைப்பை எடுத்தால் தண்ணீர் போகும். நாற்றத்தை நிறுத்த, காற்று வரும் வழியை மூட வேண்டும். சாக்கடையில் காற்றுப் படாத சேற்றில் கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த முட்டை நாற்றம். அது வீட்டுக்குள் வராமல் தடுப்பது குழாய் வளைவில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே. வெளியே போகும் தண்ணீரை விடும், உள்ளே வரும் காற்றை விடாது. 1775-ல் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் கம்மிங் கழிவறைக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இந்த வளைவுக்குத்தான் ட்ராப் என்று பெயர், இன்றைக்கும் எல்லா ட்ராப்பும் அதே யோசனைதான். எங்கள் சிங்க்குக்கு அடியில் அந்த வளைவே கிடையாது. பைப் நேராகச் சுவர்க் குழாய்க்குள் செருகியிருந்தது, அதுவும் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியோடு.

ஒரு ராத்திரி சிங்க் வாயில் பாலிதீன் கவரை விரித்து, மேலே ஈரத் துணியைப் போட்டு அழுத்தி மூடினேன். காலையில் அப்படியும் நாற்றம் இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் அதிகமாக இருந்தது. சரி, சிங்க் வாய் வழியாக மட்டும் வரவில்லை. டிஷ்யூ பேப்பரை ரிப்பன் மாதிரி மெல்லிசாகக் கிழித்து, பைப் சுவருக்குள் போகும் இடைவெளிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பதினொரு மணிக்காகக் காத்திருந்தேன். மேல் வீட்டில் தண்ணீர் திறந்தார்கள். சுவருக்குள் சலசலவென்று இறங்கும் சத்தம் கேட்டது. பேப்பர் முதலில் நாற்றத்தோடு என் பக்கம் படபடவென்று அடித்தது. மறு நொடி உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. மேலிருந்து விழும் தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, பின்னால் இழுக்கிறது. அந்தக் காற்றுக்கு வேறு வழியில்லாமல் எங்கள் அலமாரிக்குள் வந்துகொண்டிருந்தது. (ஊதுபத்திப் புகையில் இதைப் பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். கேஸும் சாக்கடைக் காற்றும் இருக்கும் இடத்தில் நெருப்பு எதற்கு.)

அடுத்து வெளியே. சுவர்க் குழாய் தரையில் இறங்கும் இடத்தில் இரும்பு ஜாலி போட்ட சதுரக் குழி இருக்குமே, அதுதான் கல்லி ட்ராப். தெருச் சாக்கடைக்கும் வீட்டுக் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் நின்று காவல் காக்கும் இடம். ஜாலியைத் தூக்கினால் மேலே ஒரு சாண் கனத்துக்கு எண்ணெய்க் கட்டி. கையுறை போட்டுக்கொண்டு கொத்துக் கரண்டியால் வாரினோம், அரை வாளி வந்தது. பிறகு வாய் வரை நல்ல தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டேன். ஒழுங்கான ட்ராப்பில் கூடுதல் தண்ணீர் வழிந்து போய், வளைவின் மட்டத்தில் அப்படியே நிற்க வேண்டும். அன்று ராத்திரி மூன்று வீட்டிலும் சிங்க்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஒரு கைப்பிடி நீலம் மட்டும்தான் மிச்சம். பக்கத்து மண்ணை இரண்டு அங்குலம் தோண்டினால் மண்ணில் நீலம். இருபத்தைந்து வருஷத்துப் பழைய ட்ராப் விரிசல் விட்டிருந்தது.

இதற்கு வேறொரு ஆளைக் கூப்பிட்டோம். அவர் தெரு ஓரத்துச் சேம்பரையும், அதாவது மூடி போட்ட சாக்கடைக் குழியையும், பார்த்துவிடலாம் என்றார். மூடியைத் திறந்ததும், கூட வந்த பையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாரானான். வயது இருபதுகூட இருக்காது. "தம்பி, வேண்டாம்ப்பா, ஏறு" என்று கையைப் பிடித்துவிட்டேன். "அஞ்சடிதான்க்கா" என்றான். அஞ்சடியோ பத்தடியோ, அந்தச் சாக்கடைக் காற்று அதிகமாகும்போது முதலில் மூக்கை மரக்கடிக்கும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதே ஆள் சாய்ந்துவிடுவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றமும்கூட. மூங்கில் பிளாச்சையும் ஸ்பிரிங்கையும் மேலிருந்தே விட்டுக் குத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆனது, கூலியும் கூடியது. எங்கள் வீட்டு நாற்றத்துக்காக ஒரு பிள்ளை குழிக்குள் இறங்குவதை நான் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு எழுதியதில் இதை மட்டும் பிடித்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

கல்லி ட்ராப்பை மாற்றிப் புதிதாக வைத்தார்கள். செலவை மூன்று வீடும் பகிர்ந்துகொண்டோம். நாற்றம் முக்கால்வாசி குறைந்தது. 'களக் களக்' மட்டும் நிற்கவில்லை.

அதற்குக் காரணம் மொட்டை மாடியில் இருந்தது. புது பிளம்பர்தான் கேட்டார்: "மேல வென்ட் திறந்திருக்காக்கா?" சமையலறைக் குழாய் மாடிக்கு மேலேயும் நீண்டு, தலையில் தொப்பி மாதிரி ஓட்டை போட்ட மூடியோடு நிற்கும். கெட்ட காற்று வானத்தோடு போகவும், தண்ணீர் விழும்போது குழாய் மூச்சு வாங்கவும் அதுதான் வழி. ஏறிப் பார்த்தோம். ஆவணியில் மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தபோது, கலவை உள்ளே விழாமலிருக்க அதன்மேல் சிமென்ட் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவிழ்க்கவில்லை. அதன்மேலும் பூச்சு வழிந்து இறுகிப் போயிருந்தது. ஆவணியில் கட்டியது, ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை நிரம்பியதும் வேலையைக் காட்டியிருக்கிறது. மேலே வழி அடைப்பு, கீழே காவல் தண்ணீர் இல்லை, நடுவில் ட்ராப் இல்லாத எங்கள் சிங்க். சாக்கை அறுத்து எடுத்ததும் அதிலிருந்து வந்த காற்றில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மறுநாள் பதினொரு மணிக்கு டிஷ்யூ பேப்பரோடு உட்கார்ந்தேன். தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. பேப்பர் லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

இரண்டாம் மாடி அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எங்க வீட்லயும் இருந்துச்சும்மா, தினம் சாம்பிராணி போட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். முன்னாலேயே ஒருவரையொருவர் கேட்டிருந்தால் நேராக மாடிக்கே போயிருக்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதல் நாளே மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் விசாரித்துவிடுங்கள்.

கடைசி வேலை சிங்க்குக்கு அடியில். கீழே கிண்ணம் மாதிரி திருகிக் கழற்றும் பாட்டில் ட்ராப் ஒன்றை மாட்டினோம். உள்ளே இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. சமையலறைக்கு வளைந்த பைப் ட்ராப்தான் மேல், பாட்டில் வகையில் சக்கை சீக்கிரம் சேரும் என்று பிளம்பர் சொன்னார். எங்கள் அலமாரியில் அதற்கு இடமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுகிறேன், ஐந்து நிமிஷ வேலை. சுவர்க் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியில் ரப்பர் வளையம் போட்டு, மேலே சிலிகான் தடவி மூடியாயிற்று.

எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகுதான் இப்போது சிங்க்கில் வைக்கிறோம். சாதம் வடித்த கஞ்சியை ஆறவிட்டுச் செடிக்கு ஊற்றுகிறேன். கொதிக்கிற தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுவதில்லை, பிவிசி பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி, வாரம் ஒருமுறை.

மாமியார் மறுபடி திண்ணைக்கு வந்துவிட்டார். சித்திரையில் ஒரு மாதம் எல்லோரும் ஊருக்குப் போகிறோம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ட்ராப் தண்ணீர் வற்றிவிடும் என்பதால், கிளம்பும் நாள் காலையில் சிங்க்கிலும் குளியலறைத் தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. "அந்தக் கரண்டி எண்ணெய மட்டும் சிங்க்ல ஊத்தலாமாடி?" என்று மாமியார் கேட்டார். அதை மட்டும் ஊற்றலாம்.